புதைமணலுக்குள் ஒரு ஜீவன்

(திரையில்: கடல் உள்வாங்கிய கரை. ஈர மணலில் ஒரு கால் அழுந்துகிறது.)

புதைமணலுக்கு ஆங்கிலத்தில் 'குவிக்சாண்ட்' என்று பெயர். குவிக் என்றால் வேகம், சாண்ட் என்றால் மணல். ஆக, ஆளை வேகமாக விழுங்கும் மணல். பள்ளி நாட்களில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது தவறு.

பழைய ஆங்கிலத்தில் 'குவிக்' என்றால் உயிருள்ளது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 'தி குவிக் அண்ட் தி டெட்' என்றொரு தொடர் வரும். தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'உயிரோடிருக்கிறவர்களையும் மரித்தவர்களையும்' என்று இருக்கும். 'வேகமானவர்களையும்' என்று யாராவது மொழிபெயர்த்திருந்தால், நியாயத்தீர்ப்பு நாள் ஓட்டப்பந்தயமாகியிருக்கும்!

(திரையில்: தட்டில் உருண்டோடும் பாதரசத் துளிகள்.)

இதோ, இன்னொரு சாட்சி. பாதரசத்தின் பழைய ஆங்கிலப் பெயர் 'குவிக்சில்வர்', உயிருள்ள வெள்ளி. வயிற்றுக் குழந்தையின் துடிப்பைத் தாய் முதன்முதலில் உணர்வதும் 'குவிக்கனிங்'தான். உயிருள்ளது துறுதுறுவென்று அசையும் அல்லவா? வேகம் என்ற பொருள் அதிலிருந்து பின்னால் கிளைத்தது.

இந்தக் குவிக்கும் சமஸ்கிருதத்தின் 'ஜீவ'வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. நாம் கடன் வாங்கி வைத்திருக்கும் 'ஜீவன்', அந்த வகையில் குவிக்சாண்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. தமிழில் புதைமணல் என்றோம். அது செய்யும் வேலையைச் சொன்னோம். ஆங்கிலேயர் கண்ணுக்கு அதன் நெளிவுதான் முதலில் பட்டிருக்கிறது.

(திரையில்: பேயூ திரைச்சீலையின் ஒரு பகுதி.)

பதினோராம் நூற்றாண்டின் இந்தப் பூத்தையல் சித்திரத்தைப் பாருங்கள். பிரான்சில் மோன் சான் மிஷேல் அருகே ஆற்றைக் கடக்கும் வீரர்கள் மணலில் சிக்குகிறார்கள். பின்னாளில் இங்கிலாந்து மன்னரான ஹரால்ட் ஒருவனை முதுகில் சுமந்தபடி இன்னொருவனைக் கையைப் பிடித்து இழுக்கிறார்.

உண்மையில் இந்த மணல் ஆளை முழுதாக விழுங்காது. 2005இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள்: நீரும் மணலும் கலந்த அந்தச் சேறு மனித உடலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி. இடுப்பளவில் நாம் மிதந்து நின்றுவிடுவோம். சிக்கல், காலை உருவுவதில்தான். வெடுக்கென்று இழுத்தால் ஒரு காரைத் தூக்கும் அளவுக்கு விசை தேவைப்படும். பின்னால் சாய்ந்து, காலை மெல்ல மெல்ல அசைத்து, சுற்றிலும் நீர் புக விட வேண்டும்.

அதற்கு அவகாசம் வேண்டுமே! இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் சிக்கியவரைக் கொல்வது மணல் அல்ல, திரும்பி வரும் கடல். அதனால்தான் அங்கே பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே அரசு நியமித்த வழிகாட்டி இருக்கிறார். அவர் முன்னதாகவே போய் மணலைச் சோதித்து, லாரல் கிளைகளை நட்டு வழி குறித்துவிட்டு வந்த பிறகே மற்றவர்கள் இறங்குகிறார்கள்.