நாலு பேர்

(ஜனவரியில் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தின்போது, ஒரு சனிக்கிழமை மாலை ஏற்காட்டில் பேசியது. பேச்சில் இருந்தபடியே எழுதியிருக்கிறேன். சில வாக்கியங்களை மட்டும் சீர்செய்தேன்.)

அன்பான ஆயர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, மலையில் உள்ள எல்லாச் சபைகளிலிருந்தும் வந்திருக்கிற உறவுகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

கூட்டம் ஐந்தரைக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஆறேகாலுக்குத்தான் ஆரம்பித்தோம். இது காப்பிப் பழம் பறிக்கிற காலம். சாக்கை எடை போட்டு, கணக்கு எழுதி, வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிவிட்டு வரவேண்டியவர்கள் இந்த மலையில் ஏராளம். நான் சேலத்துக்காரன், குளிர் தாங்காமல், "தொடங்கிரலாமா?" என்று வாசலில் நின்ற அண்ணனிடம் கேட்டேன். "எஸ்டேட் ஆளுங்க இன்னும் வரலீங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார். முக்கால் மணி நேரம் எல்லோரும் பொறுத்திருந்தீர்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இதற்கு வருவேன்.

"நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேணும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அதைச் சொல்கிற பெரியவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் கடைசிப் பயணம்தான். மூலைக்கு ஒரு தோள் என்று நாலு தோள் வேண்டும். எவ்வளவு சம்பாதித்தவனும் தன்னைத் தானே தூக்கிக்கொண்டு போக முடியாது.

மாற்கு சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்திலும் நாலு பேர் வருகிறார்கள். இவர்கள் சுமப்பது உயிரோடு இருக்கிறவனை. கப்பர்நகூமில் இயேசு ஒரு வீட்டுக்குள் போதித்துக்கொண்டிருக்கிறார். வாசலுக்கு முன்னும் இடமில்லாதபடி ஜனக்கூட்டம். திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், கிட்டே சேர முடியவில்லை. அந்த நாட்டு வீடுகளுக்கு வெளிப்பக்கம் படிக்கட்டு இருக்கும். கட்டைகளைப் போட்டு, அதன்மேல் நாணலும் குச்சியும் பரப்பி, மண் பூசிய தட்டைக் கூரை. மேலே ஏறிப் பிரிக்கிறார்கள். சற்று யோசித்துப் பாருங்கள்: மண்ணும் தூசும் கீழே உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையில் கொட்டும், போதிக்கிறவர் தலையிலும் கொட்டும். பிறகு படுக்கையை இறக்க வேண்டும். ஒருவன் அவசரப்பட்டாலும் படுக்கை சாயும், ஒருவன் தயங்கினாலும் சாயும். நாலு கையும் ஒரே அளவில் இறங்க வேண்டும்.

இப்போது ஐந்தாம் வசனம். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறது. அவர்கள் விசுவாசம்! படுத்துக் கிடந்தவன் வாயைத் திறந்ததாகவே மாற்கு எழுதவில்லை. அவனையும் சேர்த்துத்தான் அந்த 'அவர்கள்' என்று சில போதகர்கள் விளக்குவார்கள். சேர்த்துக்கொள்ளட்டும். அப்போதும் ஐந்து பேரின் விசுவாசமாகத்தான் அது ஆண்டவர் கண்ணில் படுகிறது. அவன் பாவமன்னிப்பும் எழுந்து நடந்ததும் அந்த வசனத்துக்குப் பிறகுதான்.

விசுவாசம் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள விஷயம், இதில் மற்றவருக்கு என்ன வேலை என்று பேசிப் பழகிவிட்டோம். மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆறாம் வசனம், உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்கிறது. மூன்று வசனம் தள்ளி, அந்த ஜெபத்தை எப்படித் தொடங்குவது என்று அவரே சொல்லித்தருகிறார்: "எங்கள் பிதாவே". பூட்டிய அறைக்குள் தனியாக நிற்கிறவனும் 'என் பிதாவே' என்று சொல்லவில்லை. தமிழில் இது இன்னும் நன்றாக விளங்கும். நமக்கு 'நம்' வேறு, 'எங்கள்' வேறு. 'எங்கள்' என்று சொல்கிறவன், தன் பின்னால் ஒரு கூட்டத்தை நிறுத்திவைத்துக்கொண்டு எதிரில் இருக்கிறவரிடம் பேசுகிறான். கத்தோலிக்கரின் ஜெபத்தில் 'தந்தையே', எங்களுடையதில் 'பிதாவே'. ஆனால் 'எங்கள்' என்பதில் இரண்டு மொழிபெயர்ப்புக்கும் வித்தியாசமே இல்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், என் அப்பா சேலத்தில் ஒரு மருத்துவமனையில் காலமானார். ஐம்பது வருடம் சபையில் எத்தனையோ பேருக்குத் தோள் கொடுத்தவர். அவருக்குத் தோள் கொடுக்க நாங்கள் யாரும் கிட்டே போக முடியவில்லை. தலைமுதல் கால்வரை கவச உடை போட்ட நாலு பேர் இறக்கினார்கள். முகம் தெரியவில்லை. வேறு மார்க்கத்துப் பிள்ளைகள், தன்னார்வமாய் வந்தவர்கள் என்று பிறகு அறிந்தேன். அந்த நாலு பேருக்காக இன்றும் ஆண்டவரைத் துதிக்கிறேன்.

அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. பைபிளைத் திறந்தால் எழுத்து தெரியும், ஒன்றும் ஏறாது. கோபம்கூட இல்லை, வெறுமை. எங்கள் சபையில் ஒரு அக்கா, வீடுகளில் தையல் வேலை செய்கிறவர், ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்தார். "எனக்கு ஜெபம் வரலீங்க அக்கா" என்றேன். "நீங்க ஒண்ணும் பேச வேணாம் தம்பி. காதுல வெச்சிருங்க போதும், நான் பண்றேன்" என்றார். மூன்று நிமிஷம். "சரி தம்பி, சாப்புடுங்க" என்று வைத்துவிட்டார். மறுநாள் எட்டு மணிக்கு மறுபடியும் போன். ஆகஸ்ட் வரைக்கும் ஒரு ராத்திரி விடவில்லை. சில நாள் பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும், மகள் தைத்துக்கொண்டிருப்பாள். அந்த மூன்று மாதமும் எனக்கென்று விசுவாசம் இருந்ததா என்று கேட்டால் என்னால் ஆமென்று சொல்ல முடியாது. அந்த அக்காவின் விசுவாசத்தில் நான் படுத்துக் கிடந்தேன், அவ்வளவுதான். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதினதை நான் பிரசங்கத்தில் கற்றுக்கொள்ளவில்லை, போனில் கற்றுக்கொண்டேன்.

வீட்டிலேயே யூடியூபில் ஆராதனை பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நீங்கள் இரண்டு வாரம் பார்க்காமல் விட்டால் அந்தத் திரை உங்களைத் தேடி வராது.

மறுபடியும் கப்பர்நகூம் வீட்டு வாசலுக்கு வாருங்கள். அந்த நாலு பேருக்கு வழிவிடாமல் நின்றது யார்? விரோதிகளா? இயேசுவின் வார்த்தையைக் கேட்க ஆசையாய் வந்த ஜனங்கள். வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், அவ்வளவே. சபை என்பது சுமக்கவும் செய்யும், வாசலை அடைக்கவும் செய்யும். அடைத்த கதை நம்மிடம் நிறைய இருக்கிறது.

கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்தார்கள். வசதியுள்ளவர்கள் நேரத்தோடு வந்து சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். ஒன்றுமில்லாதவர்கள், வேலை முடிந்து வருகிறவர்கள், வெறும் பந்தியைத்தான் பார்த்திருப்பார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான், அதாவது குடித்து மயங்கியிருக்கிறான், என்று பவுல் எழுதுகிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். இவ்வளவு கோபத்துக்குப் பிறகு அவர் சொல்கிற பரிகாரம் என்ன தெரியுமா? "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." அவ்வளவுதான். இன்றைக்கு சாயங்காலம் இந்த மண்டபத்தில் நீங்கள் செய்தது அதுதான். எடை போட்டுவிட்டு வருகிறவர்களுக்காகக் காத்திருந்தீர்கள். வாசலில் நின்ற அந்த அண்ணன் எனக்கு முதல் கொரிந்தியர் பதினொன்றாம் அதிகாரத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

சாதியைப் பேசாமல் போனால் நான் பேசினதெல்லாம் வீண். 1623-இல் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற கத்தோலிக்க இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து இந்தச் சேலத்துக்கு வந்தார். அவருடைய மிஷனில் பிற்பாடு மேல்சாதிக்கு ஒருவகைக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று ஏற்பட்டது. அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். புராட்டஸ்டண்ட் சபைகளான எங்கள் பக்கம் மட்டும் சுத்தமா? 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாக விட்டுவிடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் வைத்திருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஒரே ஞானஸ்நானம், ஒரே அப்பம், பெண் கொடுக்கும்போதும் புதைக்கும்போதும் மட்டும் வேறு வேறு. கடைசிப் பயணத்துக்கு நாலு பேர் வேண்டும் என்கிறோம், அந்த நாலு பேரும் எந்தத் தெரு என்று பார்க்கிறோம். இது வாசலை அடைப்பது. இதற்கு வேறு பெயர் கிடையாது.

இதைத் தாங்க முடியாமல் தவித்த நம்மவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, பிற்பாடு ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910-இல் எடின்பரோ உலக மிஷன் மாநாட்டில் பேச எழுந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. எதிரில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார மிஷனரிகளும் சங்கத் தலைவர்களும். ஏழைகளுக்கு உண்ணக் கொடுக்க உங்கள் உடைமைகளைத் தந்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் உடலைத் தந்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பணமும் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரே பந்தியில் சமமாய் உட்காருகிற சிநேகிதம் வரவில்லை. அந்த மண்டபத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு 1919 மே மாதம் தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியப் போதகர்களே கூடிய கூட்டத்தில், பிரிந்து கிடக்கிற சபைகள் ஒன்றாக வேண்டும் என்ற அறிக்கை வந்தது. அதிலும் அசரியா முன்னால் நின்றார். 28 வருடம் பேசிப் பேசி, 1947 செப்டம்பர் 27, நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரத்தில், சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உண்டானது. அதைக் காண அசரியா இல்லை. 1945 புத்தாண்டு அன்றே கண்ணை மூடிவிட்டார். கூரையைப் பிரித்தவர்களில் ஒருவர் படுக்கை இறங்குவதற்குள் போய்விட்டார்.

சேலத்தில் 1827-லேயே லண்டன் மிஷன் வேலை தொடங்கியது. ஆங்கிலிக்கன் ஆராதனை தனியாக நடந்தது. பேராயரே வேண்டாம் என்றவர்களும், பேராயர் இல்லாமல் சபையே இல்லை என்றவர்களும் 1947-இல் ஒரே மேசைக்கு வந்தார்கள். 1930-இல் சேலம் மறைமாவட்டமான கத்தோலிக்கரோடு இன்னும் ஒரே திருவிருந்தில் கைநீட்ட முடியவில்லை, அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் தெருவாரியாகப் பல குடும்பங்கள் வீடு வீடாய்க் கூடுகிற உங்கள் அன்பியம், அந்தப் பெயர் இருக்கிறதே, எங்கள் 'ஐக்கியம்' என்ற சொல்லைவிட அழகு. நாங்கள் கடன் வாங்க வேண்டியது.

சபையில் சண்டை வருகிறதே, மனிதர்கள் இப்படி இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். இன்று காலை ஒரு தோட்டத்தில் பறிக்கிற அம்மாக்களோடு நின்றேன். ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருந்தன. சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுத்து இடுப்புக் கூடையில் போட்டார்கள். "மொத்தமா உருவிட்டா வேலை சீக்கிரம் முடியுமே" என்றேன். "காய உருவுனா காப்பி கெட்டுப்போகும் சார். இதே செடிக்கு இன்னும் ரெண்டு தடவ வருவோம்" என்றார் ஒரு அம்மா. ஒரே கிளையில் நீங்களும் நானும் ஒன்றாகப் பழுப்பதில்லை. திரும்பத் திரும்ப வர மனசுள்ளவர்கள் வேண்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அந்தத் தோட்டத்துக்குக் கீழே லைன் வீட்டில் ஒரு ஆயா இருக்கிறார். போன ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அதற்கு முன், ஞாயிறு காலை சபைக்கு முதலில் வந்து பாய் விரிக்கிறவர் அவர்தான் என்று சொன்னார்கள். ஆயர் ஐயா மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்த் திருவிருந்து கொடுக்கிறார். "எல்லாம் சரிங்க சாமி, ஆனா அப்பத்தத் தனியாத் தின்னா தொண்டையில நிக்குதுங்க" என்றார் ஆயா. டாக்டர் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். ஜீப் நாகலூர் ரோட்டில் நிற்கும். ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் செங்குத்தான ஒற்றையடிப் பாதை, கால் மணி நேர ஏற்றம். கை வைத்த மர நாற்காலி ஒன்றும் கயிறும் தயாராக இருக்கிறது. நாளைக் காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். என்னையும் சேர்த்து மூன்று பேர் ஆகிவிட்டோம். நாலாவது ஆள் யார் என்று சாப்பாட்டுக்கு உட்காரும் முன் என்னிடம் சொல்லிவிடுங்கள்.