வரிசை, முறை, நிரல்: பழைய அகராதிகளில் இச்சொற்களின் பொருள்

அனைவருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவிலிருந்து பேசுகிறேன். வரிசை, முறை, நிரல் ஆகிய மூன்று சொற்களுக்குப் பழைய அகராதிகளும் உரையாசிரியர்களும் எழுதிய பொருளை இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம். ஒன்றன்பின் ஒன்றாக அமைவதைக் குறிக்க இன்று நாம் பயன்படுத்தும் இச்சொற்களில் முதல் இரண்டும், யாருக்கு எது தகும் என்ற கேள்வியையும் தமக்குள் கொண்டிருந்தன.

வரிசையிலிருந்து தொடங்குகிறேன். இந்த நகரத்தின் பேருந்து நிறுத்தங்களில் 'லைன்' என்றும், மராத்தியில் 'ராங்' என்றும் சொல்வதைத் தமிழர்களாகிய நாம் வரிசை என்கிறோம்; முன்னால் வந்தவர் முன்னால் ஏற வேண்டும் என்பதற்கு மேல் அதில் வேறு விதி கிடையாது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைத் திறந்தால், ஒழுங்கு என்ற பொருளோடு மேம்பாடு, தகுதி, பாராட்டு, அரசர் முதலியோரிடம் பெறும் சிறப்பு என்று அந்தச் சொல் விரிந்துகொண்டே போகிறது. திருமணத்தில் நாம் சீர்வரிசை என்று சொல்வது இந்தப் பழைய பொருளின் தொடர்ச்சிதான்.

இதற்கு மிகத் தெளிவான சான்று புறநானூற்றின் 121ஆம் பாட்டு. மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் சொல்கிறார்: 'வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே.' நான்கு திசையிலிருந்தும் பரிசில் நாடி வருவோருக்கு அள்ளிக் கொடுப்பது எளிது, அவரவர் தகுதியை அறிந்து கொடுப்பதுதான் கடினம் என்று அரசனுக்கே நேரில் எடுத்துரைத்துவிட்டு, புலவர்களிடத்தில் பொதுநோக்கை விட்டுவிடு என்றும் கேட்கிறார். எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதுதான் பொதுநோக்கு. 'பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின் அதுநோக்கி வாழ்வார் பலர்' என்ற 528ஆம் குறளும் இதே இரண்டு சொற்களைத்தான் எதிரெதிராக நிறுத்துகிறது. எனக்குப் பெரும் வியப்பைத் தருவது இந்த இடம்தான்: பேருந்து நிறுத்தத்தில் இன்று நாம் வரிசை என்று அழைக்கும் ஏற்பாடு, கபிலர் கணக்கில் பொதுநோக்காகத்தான் இருந்திருக்கும்.

பழைய பொருளை நான் கண்மூடிக் கொண்டாடவில்லை. தகுதிக்கேற்ற சிறப்பு என்ற எண்ணம் பிறப்பைத் தகுதியாகக் கொண்டபோது, கோயில் மரியாதையிலும் ஊர்ப்பந்தியிலும் எத்தனை பேரைக் கடைசியில் தள்ளியது, எத்தனை பேரை உள்ளேயே விடவில்லை என்பது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாருடைய பிறப்பையும் விசாரிக்காத பேருந்து வரிசை, அந்த வகையில், மதிக்கத்தக்க ஒரு நெறி. அதே பேருந்துக்குள் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இருக்கை ஒதுக்கும்போது மட்டும், எவருடைய தேவை எத்தகையது என்று ஆளறிந்து நோக்கும் பழைய வரிசை திரும்பவும் வேலை செய்கிறது. அது நல்லதற்காகவே வேலை செய்கிறது.

சொற்களைத் தொகுத்த நூல்களும் இந்த மாற்றத்துக்கு உட்பட்டவைதான். திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. தெய்வப் பெயர்களில் தொடங்கி, மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருளின் அடிப்படையில் சொற்களை வைக்கிறது. 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின்படி அமைத்தது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அந்த வழியை வலுப்படுத்தியது. அகரவரிசைக்கு வந்த பிறகு கடவுளும் கடுகும் சில பக்க இடைவெளியில் அண்டை வீட்டாராகிவிட்டனர். தேடுவதற்கு அது எளிது என்பதில் ஐயமில்லை; ஆனால் ஒரு சொல்லின் உறவுச் சொற்களையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கும் வாய்ப்பு நிகண்டில்தான் இருந்தது.

அடுத்து முறை. 'மூன்று முறை' என்னும்போது அது எண்ணிக்கை. 'அவர் உங்களுக்கு என்ன முறை?' என்னும்போது உறவு. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்று 388ஆம் குறள் சொல்லும்போது நீதி. இவற்றையெல்லாம் கடந்து, கணியன் பூங்குன்றனார் புறநானூறு 192இல் 'நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்' என்கிறார். அங்கே முறை என்பது ஊழ். பரிமேலழகரும் ஊழ் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி ஆகியவை ஒருபொருட் கிளவி என்று எழுதுகிறார். இந்தப் பட்டியலை நிறுத்திப் படியுங்கள். ஒன்றுக்குப் பின் மற்றொன்று வருவது, செய்த வினைக்குப் பின் அதன் பயன் வருவதைப் போலத் தவிர்க்க முடியாதது என்ற எண்ணம் இல்லாவிட்டால், ஒழுங்கைக் குறிக்கும் சொல்லை விதிக்கும் தெய்வத்துக்கும் பக்கத்தில் அவர் வைத்திருக்க முடியாது.

நிரலைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தொல்காப்பியம் சொற்கள் புணரும் இயல்பு நான்கு என்று கூறி, அவற்றில் முதலாவதாக நிரல்நிறையை வைக்கிறது; சொற்களை ஒரு வரிசையில் நிறுத்தி, அவற்றோடு சேர வேண்டியவற்றையும் அதே வரிசையில் நிறுத்துவதுதான் நிரல்நிறை. 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது' என்ற குறளில் அன்பு பண்போடும், அறன் பயனோடும் சேர்கின்றன. இது தகுதி பார்க்காத, இடத்தை மட்டுமே பார்க்கும் ஒழுங்கு. கணினித் துறையினர் 'புரோகிராம்' என்பதற்கு நிரல் என்ற சொல்லை எடுத்துக்கொண்டது மிகப் பொருத்தம் என்றே நான் கருதுகிறேன்.

தாய்மாமன் வரிசை, அத்தை முறை என்று உங்கள் வீட்டுத் திருமணங்களில் யார் எந்த உரிமையோடு எதைக் கொண்டுவருகிறார்கள், அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் வழங்குகிறது என்பதைக் கருத்துப் பகுதியில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். அடுத்த காணொளியில் அடைவு, கிரமம் ஆகிய சொற்களோடு அவற்றையும் சேர்த்துப் பேசுகிறேன்.