பாதி கோர்ட், பாதி வேலையா?

நடுவர் அவர்களே, ராயபுரத்து மக்களே, வணக்கம். 'டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவின் திறமை முழுசாக வெளிப்பட்டது ஒற்றையரிலா, இரட்டையரிலா?' இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா ஒரே போடாகப் போட்டுட்டாங்க: இரட்டையர்னா பாதி கோர்ட், அதனால வேலையும் பாதியாம்!

அம்மா, இது தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருக்கிற ஊரு. நாலு பேர் ஆட்டத்துல, எதிரே உட்கார்ந்திருக்கிற கூட்டாளிக்குத் தோதாகக் காயை நகர்த்தத் தெரியாதவனை அடுத்த ஆட்டத்துக்கு எவனாவது கூப்பிடுவானா?

ஒற்றையரில் 2005ல் ஹைதராபாத் பட்டம், அதே வருஷம் யு.எஸ். ஓபனில் நாலாவது சுற்று, 2007ல் உலகத் தரவரிசை 27. பெரிய விஷயம்தான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு மேல ஏன் ஏறலை? ஃபோர்ஹேண்ட், அதாவது வலக்கைப் பக்கமா வர்ற பந்தை அடிக்கிற அடி, இடி மாதிரி விழும். ஆட்டத்தைத் தொடங்கப் போடற சர்வ்தான் கை கொடுக்கலை. முதல் சர்வ் தப்பினா போடற ரெண்டாவது சர்வ் மெதுவாகப் போய் விழும். எதிராளி ரெண்டடி உள்ளே வந்து, காலியான மூலையில சாத்திடுவார். 27 அடி அகலத்தை ஒத்தை ஆளா ஓடிக் காக்கணும். ஓட்டம் சானியாவோட பலம் இல்லை. போதாததுக்கு, மணிக்கட்டைச் சுண்டி அடிக்கிற அவருக்கு 2008ல மணிக்கட்டிலேயே அறுவை சிகிச்சை.

இப்போ இரட்டையருக்கு வாங்க. அகலம் 36 அடி, ஆள் ரெண்டு. வலப்பக்கத்திலிருந்து சானியா அதே மெதுவான சர்வைப் போடறார். வலைக்குப் பக்கத்துல அவரோட கூட்டாளி மார்ட்டினா ஹிங்கிஸ். எதிராளி நடுவுல திருப்பினா ஹிங்கிஸ் வெட்டிடுவார். அவருக்குப் பயந்து குறுக்கே தள்ளினா, பந்து நேரா சானியாவோட ஃபோர்ஹேண்டுக்கு! இதுல ஹிங்கிஸ் கண் இமைக்கிற நேரம் முன்னாடி நகர்ந்தாலும் போச்சு. ஓரக்கோட்டை ஒட்டிப் பந்து பறந்துடும், ரெண்டு பேரும் வேடிக்கை பார்க்கணும். இதுதான் பாதி வேலையாம்.

2013ல ஒற்றையரை விட்டார். 2015 ஏப்ரலில் இரட்டையர் உலக முதலிடம். அந்த வருஷ விம்பிள்டன் இறுதியில் சானியாவும் ஹிங்கிஸும் மகரோவா, வெஸ்னினா ஜோடிகிட்ட மூணாவது செட்டுல 2-5னு பின்தங்கி, 7-5னு ஜெயிச்சாங்க. அப்புறம் யு.எஸ். ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன் பட்டங்கள். சானியா, ஹிங்கிஸ் ஜோடி தொடர்ந்து ஜெயிச்சது 41 ஆட்டம். ஆணும் பெண்ணும் ஜோடியா ஆடற கலப்பு இரட்டையர் மூணையும் சேர்த்தா, டென்னிஸோட நாலு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாமில் ஆறு பட்டம்.

கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் நாலாவது சுற்றைத் தாண்டினதில்லை. ஆளும் அதே ஆளு, சர்வும் அதே சர்வுதான் நடுவர் அவர்களே!