தூசுக்குள் மறைந்த கருந்துளைகள்

நேயர்களுக்கு வணக்கம். கருந்துளைக்குள் விழுந்த ஒளி வெளியேறாது என்பது நாம் அறிந்ததே. ஆனால், ஒரு பேரடையின் (கோடிக்கணக்கான விண்மீன்கள் கூடிய தொகுதியின்) மையத்தில் சூரியனைப் போலப் பல கோடி மடங்கு நிறை கொண்ட கருந்துளையை நோக்கி வாயு சுழன்று இறங்கும்போது, அந்த வாயு கடுமையாகச் சூடேறி, சில வேளைகளில் பேரடையின் விண்மீன்கள் அனைத்தையும் விஞ்சுமளவுக்கு ஒளிர்கிறது. அத்தனை ஒளியும் பல பேரடைகளில் நம் கண்ணுக்கு எட்டாமல் போவதற்குக் காரணம், மையத்தைச் சூழ்ந்திருக்கும் தூசு.

திமிங்கில விண்மீன் குழுவில், ஏறத்தாழ 4.7 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம் 77 என்னும் பேரடை இதற்கு நல்ல சான்று. 1985இல் அன்டோனூச்சி, மில்லர் என்னும் வானியலாளர் இருவர், அதன் மையத்திலிருந்து நேராக வராமல் வேறிடத்தில் பட்டுச் சிதறி வந்த முனைவாக்கம் பெற்ற, அதாவது அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும் ஒளியை ஆராய்ந்து, நேர்ப்பார்வைக்குத் தெரியாத அதிவேக வாயு உள்ளே இருப்பதைக் காட்டினார்கள்.

ஒளியை உறிஞ்சிய தூசு அந்த ஆற்றலை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிட்டே தீர வேண்டும். சுமார் 1,500 கெல்வினுக்கு மேல் தூசுத்துகள்கள் ஆவியாகிவிடுவதால், அந்த வெப்பநிலையை ஒட்டி ஒளிரும் தூசு கருந்துளைக்கு மிக அருகில்தான் இருக்கும். சிலி நாட்டின் பரனால் மலையில் பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைக்கும் கருவிகள் எம் 77இன் இந்தத் தூசையே படமெடுத்தன. ‘கிராவிட்டி’ கருவியின் 2020ஆம் ஆண்டு முடிவு மெல்லிய வளையம் என்றது. கூடுதல் அலைநீளங்களில் பார்த்த ‘மடீஸ்’ கருவியின் 2022ஆம் ஆண்டு முடிவோ, தடித்த தூசு வளையத்தின் பின்னால் கருந்துளை மறைந்திருக்கிறது என்றது. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

வானம் முழுவதையும் அகச்சிவப்பில் அளந்த ‘வைஸ்’ விண்கலம், 3.4, 4.6 மைக்ரோமீட்டர் அலைநீளங்களில் தெரியும் பிரகாச வேறுபாட்டை வைத்தே, கருந்துளை சூடேற்றிய தூசைச் சாதாரண விண்மீன் ஒளியிலிருந்து பிரித்தறிய உதவியது. இவ்வகையில், வாயுவை விழுங்கி இயங்கும் கருந்துளைகளாக இருக்கக்கூடிய சுமார் 25 லட்சம் பொருள்களை அது இனங்கண்டதாக 2012இல் நாசா அறிவித்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. புதிதாகப் பிறக்கும் விண்மீன்களும் தூசைச் சூடேற்றும். மங்கலான பேரடைகளில் இந்தப் பிரகாச வேறுபாட்டை, அதாவது நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஆகவே ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் வேறொரு தடயத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நான்கு எலக்ட்ரான்களை இழந்த நியான் அணு 14.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உமிழும்; அது நிறமாலையில் ஒரு கோடாகத் தெரியும். நியானை அந்த அளவுக்கு உரிக்க ஏறத்தாழ 97 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கதிர்கள் தேவை. சாதாரண இளம் விண்மீன்கள் அவற்றைப் போதிய அளவில் தருவதில்லை. அந்தக் கோடு நன்றாகத் தெரிந்தால், உள்ளே கருந்துளை இயங்குகிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ‘மிரி’ கருவி இந்த அலைநீளத்தைப் பார்க்க வல்லது. அதற்காக, தன் சொந்த வெப்பமே குறுக்கிடாதவாறு, அதன் உணரிகளை 7 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.