ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்தவற்றில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லி முடித்துவிட்ட கண் மருத்துவர் அம்மையார் அவர்களே, தலைமையாசிரியப் பெருமக்களே, இருக்கை கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன பெருமைகளில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களை எழுத்து அட்டைக்கு முன் உட்கார வைத்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்டே பிழைத்தவன் நான்.

கண்ணாடி போட்டால் பார்வை மேலும் கெடுமா, லேசர் செய்துகொண்டால் கண்ணாடியே வேண்டாமா, கைப்பேசித் திரை கண்ணைக் கெடுக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கு இன்று விடை சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடியால் கண் கெடுவதில்லை. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழிக்கோளம் அளவுக்கு மீறி நீண்டு வளர்வதால் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே பவர் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு அது) கூடிவிடும். வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் பவர் ஏறுவதற்குக் காரணம் கண்ணின் வளர்ச்சிதான். பிள்ளையின் கால் வளர்ந்ததற்குப் பழைய செருப்பைக் குற்றம் சொல்பவர் உண்டா? கண்ணாடிமேல் மட்டும் பழி போட்டு, அதைக் கழற்றி ஒளித்துவைத்து, பிள்ளையை மங்கலான உலகத்தில் பல ஆண்டுகள் உலவவிட்டு, பிறகு என்னிடம் ஓடிவரும் பெற்றோருக்கு நான் சொல்வதெல்லாம் நம் பழமொழிதான்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

லேசர் சிகிச்சை கருவிழியின் முன்பரப்பைச் செதுக்கி வளைவைத் திருத்துகிறது. பதினெட்டு வயது கடந்து, பவர் ஓராண்டாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். கருவிழி மெலிந்தவர்களுக்கு அது பொருந்தாது. நாற்பதை ஒட்டி உள்ளிருக்கும் லென்ஸ் இறுகுவதால் வரும் வெள்ளெழுத்தோ, லேசர் செய்தவரையும் விடுவதில்லை.

மூன்றாம் கேள்விக்கு முன் ஒரு நிகழ்ச்சி. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தாயும் தந்தையும் அழைத்துவந்தார்கள். அவளுக்கு எந்தக் குறையும் இல்லையாம். தலைவலி என்று ஒருநாள் சொன்னதால், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். "எறும்பு போவதைக்கூட எட்ட நின்று சொல்லிவிடுவாள்" என்றார் தந்தை, பெருமையாக. 1862இல் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் உருவாக்கிய அட்டையின் வழிவந்த அட்டைதான் எங்கள் சுவரிலும் தொங்கியது. இரு கண்களும் திறந்திருக்க, கீழ்வரிசை வரை கடகடவென்று படித்தாள். இடக்கண்ணை மூடினேன், மறுபடியும் கடகட. வலக்கண்ணை மூடியதும் பேச்சு நின்றது. சற்று நேரம் கழித்து, மிகுந்த மரியாதையோடு, "ஐயா, அட்டையை ஏன் கழற்றிவிட்டீர்கள்?" என்று கேட்டாள். தந்தை வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளை விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டார். தாய் சிரிக்கவில்லை. அவள் எழுந்து வந்து, தன் கையாலேயே மகளின் வலக்கண்ணைப் பொத்தி, மறுகையை அவள் முகத்துக்கு முன் நீட்டி, "எத்தனை விரல்?" என்று கேட்டாள். சிறுமி கணக்குப் போடுவதுபோல் யோசித்தாள். அப்போதுதான் தந்தையின் சிரிப்பு அடங்கியது.

அது சோம்பேறிக் கண். பிறந்ததிலிருந்தே ஒரு கண்ணில், அருகில் இருப்பது அதிகம் மங்கும் தூரப்பார்வை என்ற குறை மிகுந்திருந்ததால், மூளை அந்த மங்கிய உருவத்தைத் தள்ளிவிட்டு, நல்ல கண்ணை மட்டும் நம்பப் பழகிவிட்டது. வெளியே மாறுகண் இல்லை, சிவப்பில்லை, வலியில்லை. ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடியும், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைப்பதும் பெரும்பாலும் பார்வையை மீட்டுத் தரும். அதற்குப் பிறகு முயன்றால் பயன் உண்டு, ஆனால் குறைவு. அந்தச் சிறுமிக்குப் பாதிதான் மீண்டது. அன்றே அவளுடைய நான்கு வயதுத் தம்பியையும் வரவழைத்துப் படங்கள் உள்ள அட்டையால் சோதித்தேன். அவனுக்கும் அதே குறை. இன்று அவனுக்கு இரு கண்களிலும் பார்வை முழுமை. அக்காவுக்குச் சூரிய நமஸ்காரம், தம்பிக்குச் சூரியன்.

உலகில் பார்வைக் குறையுள்ளோர் குறைந்தது 220 கோடிப் பேர் என்றும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் 2019இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. நான் கேட்பது மிகச் சிறியது. பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்தில் ஒரே ஒரு வரி வேண்டும்: "இரு கண்களும் தனித்தனியே சோதிக்கப்பட்டனவா?" தனித்தனியே என்ற சொல்லை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது, இரண்டையும் திறந்துவைத்துச் செய்யும் சோதனை அந்தச் சிறுமியைப் பதினொரு ஆண்டுகள் ஏமாற்றியது.

நேரம் முடிந்தது என்று தலைவர் அவர்கள் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். கைப்பேசியைப் பற்றி ஒரு வாக்கியம்: திரையைப் பார்க்கையில் நாம் இமைப்பது குறைகிறது, எனவே கண் உலர்கிறது, எஞ்சியதை மருத்துவர் அம்மையாரிடம் கேளுங்கள். அந்த ஒரு வரியைக் கேட்கும் கையொப்பப் படிவங்கள் வாயிலருகே மேசையில் இருக்கின்றன. தலைமையாசிரியர்கள் முதலில் கையெழுத்திட்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் இராது.