எல்லாத் தொண்டைக்கும் ஒரே கட்டையா?

(கோத்தகிரியில் பாட்டு கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் நடுவே பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குளிரில் ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான். உங்கள் பிள்ளை எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில் பாடுகிறது, தெரியுமா?

நான் குன்னூரில் பாட்டு கற்றவன். ஜமக்காளத்தில் இருபது பேர் உட்காருவோம். சுருதிப்பெட்டி ஐந்து கட்டையிலேயே நிற்கும். பெண் பிள்ளைகளுக்கு அது சரி. எனக்குப் பதிமூன்று வயதில் குரல் உடைந்தது. அப்புறம் மேல் ஸட்ஜம், அதாவது உச்சத்து ஸா, வந்தாலே கழுத்து நரம்பு புடைக்கும், முகவாய் தானாக மேலே போகும். "வாயைத் திறந்து பாடுடா" என்பார் வாத்தியார். திறந்துதான் பாடினேன். நாலு மாதத்தில் குரல் கம்மிப் போய், பாட்டையே விட்டுவிட்டேன். அவரைக் குறை சொல்லி என்ன? இருபது தொண்டைக்கு நடுவில் ஒன்று திணறுவது யார் காதில் விழும்?

இரண்டு வருஷம் கழித்து வேறொருவரிடம் தனியாகப் போனேன். முதல் நாள் அவர் பாடவே விடவில்லை. "பஸ்ஸில் கூட்டமா? காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று பேச வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் பேச்சுக் குரலுக்கு ஏற்றபடி பெட்டியை ஒரு கட்டைக்கு இறக்கி, "இப்போது ஸா சொல்லு" என்றார். முகவாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஐந்து கட்டையில் குரல் கம்மியதற்குக் காரணம் ரொம்ப எளிது. குரல்வளைக்குள் இரண்டு சின்ன மடிப்புகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கே அவை இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். பெண்கள் ஐந்து கட்டையில் ஸட்ஜம் பிடித்தால் அவை நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதும். மேல் ஸட்ஜத்தில் அதுவே இரட்டிப்பு. அழுத்திப் பாடினால் ஒவ்வொரு மோதலும் அடியாக விழும். அடி தொடர்ந்தால் வீக்கம் வரும், கடைசியில் முடிச்சு விழும். இந்த மடிப்புகள் பாடும்போது அசைவதைக் கண்ணாடி வைத்துத் தன் தொண்டையிலேயே பார்த்தவர் மானுவல் கார்சியா. 1854-இல் அதைச் செய்த அவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார்!

இதோ, ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர், ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்று. ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழம் விட்டு, உதட்டை இறுக்கி மூடி, 'ஊ' என்று மெல்ல ஒலியுங்கள். குமிழி சீராக வர வேண்டும். குபுக்கென்று பொங்கினால் மூச்சைத் தள்ளுகிறீர்கள். நின்று நின்று வந்தால் மூச்சு தளர்கிறது. ஸ்ட்ராவில் தடைபடும் காற்று உள்ளிருந்து மடிப்புகளைத் தாங்கிப் பிடிக்கும், மோதல் மென்மையாகும். சரளி வரிசை என்ற முதல் பாடத்துக்கு முன் மூன்று நிமிஷம் போதும்.

நம் ஊருக்கென்று இரண்டு வார்த்தை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பாட்டுச் சாதகம் செய்த கதையெல்லாம் கேட்டிருப்பீர்கள். ஜனவரி உறைபனியில் தயவுசெய்து வேண்டாம். விடிந்ததும் மேல் ஸ்தாயிக்குப் பாயாமல், மந்தரத்தில், அதாவது கீழ்க் குரலில், முனகித் தொடங்கட்டும். குடிக்கிற வெந்நீர் உணவுக்குழாயில்தான் போகிறது, மடிப்புகளைத் தொடுவதில்லை. உடம்பில் ஊறித்தான் அங்கே போய்ச் சேரும். அதனால் பாட உட்காரும்போது மடமடவென்று குடித்துப் பயனில்லை, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். அப்புறம் நம் நீலகிரித் தைலம். இரண்டு சொட்டு விழுங்கினால் குரல் திறக்கும் என்பார்கள். அது உள்ளே போனால் விஷம். பாட்டில் பிள்ளை கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

மூன்று வாரம் தாண்டியும் கம்மல் போகவில்லையென்றால் பாட்டு வாத்தியாரிடம் வராதீர்கள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, பின்னால் மேஜையில் டம்ளர் அடுக்கி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வரட்டும். பாட வேண்டாம், காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லட்டும்.