புதுக் காடி எடுத்தாச்சு... ஆமாம், வெள்ளை பெஸ்ஸாதான்!

வணக்கம், வணக்கம். கொஞ்சம் இருங்கள், கேமராவைத் தள்ளி வைக்கிறேன், பின்னால் நிற்பது முழுசாகத் தெரியட்டும். தெரிகிறதா? சரி.

புதுக் காடி, அதாவது கார், எடுத்திருக்கிறேன் என்று சாவியின் படத்தை மட்டும் போட்டிருந்தேன். ஆளாளுக்கு ஊகித்தீர்கள். சிவிக் என்றார்கள், எச்ஆர்வி என்றார்கள், ஒருவர் மினி கூப்பர் என்றே எழுதிவிட்டார். என் சம்பளத்தின் மேல் அவர் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நன்றி. இது பெரோடுவா பெஸ்ஸா. 1.0 லிட்டர், ஆட்டோ கியர், வெள்ளை. ஏமாந்தவர்கள் இப்போதே வேறு வீடியோவுக்குப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மலேசியாவில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பெரோடுவா 1993-இல் தொடங்கிய உள்நாட்டுக் கம்பெனி, ரவாங் பக்கம் தொழிற்சாலை. 2024-இல் மட்டும் 358,102 வண்டிகள் விற்றார்கள். அந்த வருடம் நாட்டில் விற்ற புது வண்டிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்தால், ஒவ்வொரு பத்திலும் நாலுக்கு மேல் இவர்களுடையது. பெஸ்ஸா 2016 ஜூலையில் வந்தது, அவர்களுடைய முதல் செடான். எண்ணெய் (பெட்ரோலைத்தான் சொல்கிறேன்) அதிகம் குடிக்காது, பின்பெட்டி பெரிது, உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். அதனால் கிராப், அதாவது போனில் கூப்பிடுகிற டாக்சி, ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள். அதுவும் வெள்ளைதான் எடுக்கிறார்கள்.

விளைவு என்ன? குவின்ஸ்பே மாலுக்கு வெளியே தங்கச்சிக்காகக் காத்திருக்கிறேன். பின்கதவு திறக்கிறது. ஒரு சீன ஆன்ட்டி, இரண்டு கை நிறையப் பைகள், ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டு "குளுகோர், யா?" என்கிறார். இது கிராப் இல்லை ஆன்ட்டி என்றேன். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே இறங்கினார். அவருடைய காடி எனக்கு நேர் பின்னால் நிற்கிறது. அதுவும் வெள்ளை பெஸ்ஸா! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே எண் பலகையைப் பார்த்துத்தான் அடையாளம் தெரியும். எண் என்றதும் ஞாபகம் வருகிறது: ஏலத்தில் எல்லாம் எடுக்கவில்லை, வரிசையில் வந்த எண்தான். கூட்டினால் ஆறு வருகிறதாம், அம்மாவுக்குத் திருப்தி. கேமராவில் காட்ட மாட்டேன்.

இப்போது என் அத்தை மகன் கதைக்கு வருவோம். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவான். "ஏன்லா இதைப் போய் எடுத்த? இந்தக் காசுக்குப் பழைய ஐரோப்பியக் காடி கிடைக்குமே. கல்யாண வீட்டில் போய் இறங்கினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பான்" என்றான். உண்மைதான், கிடைக்கும். பெஸ்ஸா 36 ஆயிரம் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, கொஞ்சம் மேல், காப்புறுதி தனி. அந்தக் காசுக்குப் பத்துப் பதினைந்து வருடப் பழசில் தோல் இருக்கை, சன்ரூஃப் எல்லாம் வைத்த வண்டி வரும். ஆனால் நான் கணக்குப் போடுகிற ஆள். 1,000 சிசிக்குள் இருந்தால் சாலை வரி வருடத்துக்கு 20 வெள்ளி. அவன் சொல்கிற 2,000 சிசிக்கு 380 வெள்ளி. இதில் எண்ணெய் 36 லிட்டர்தான் பிடிக்கும். மைகார்டு என்கிற அடையாள அட்டையைக் காட்டி லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு அடித்தால், காலி டேங்கை நிரப்ப 72 வெள்ளிகூட ஆகாது. வாரண்டி ஐந்து வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர். பழைய வண்டிக்கு வாரண்டி யார்? பட்டறைக்காரர்தான். அவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் மாதா மாதம் அவர் முகத்தைப் பார்க்க நான் தயாரில்லை.

அவனுக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய கணக்கு. அந்த நாலு பேர் பார்வைக்கு நான் ஒன்பது வருடம் தவணை கட்ட முடியாது. கட்டப்போவது நானும் என் சம்பளச் சீட்டும்தான்.

இதுவரை நான் எதில் போய்க்கொண்டிருந்தேன் என்பது பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். மோட்டார், அதாவது பைக். வீடு பெருநிலத்தில் பிறை என்ற ஊர்ப் பக்கம், வேலை பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், நடுவில் பினாங்குப் பாலம். பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி கடலுக்கு மேல். வெயில் நேரத்தில் மோட்டாரில் போகப் பிரமாதமாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இரவு ஷிஃப்ட், மழை, பாலத்தின் நடு மேடு, பக்கவாட்டில் காற்று, வலப்பக்கம் லாரி... கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "முருகா முருகா" என்று போனவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். மழைக்கோட்டு போட்டாலும் முழங்காலுக்குக் கீழே நனையும். லாக்கரில் மாற்று உடையும் காலுறையும் எப்போதும் இருக்கும். ஈரக் காலணியோடு பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்திருக்கிறேன்.

புதுக் காடியில் முதன்முதலாக ஒரு பெரிய மழை வந்தது. உட்கார்ந்திருக்கிறேன், வைப்பர் ஆடுகிறது, ரேடியோவில் மின்னல் எஃப்எம் பாட்டு, கால் உலர்ந்திருக்கிறது. பக்கத்து வழியில் மோட்டார்க்காரர்கள் குனிந்தபடி போகிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை எந்தச் சன்ரூஃபும் தராது. ஒன்றுதான் வலிக்கிறது. 2019-இலிருந்து பாலத்தில் மோட்டாருக்குக் கட்டணம் இல்லை, காடிக்கு உண்டு. நல்ல வேளை, தீவுக்குள் நுழையும்போது மட்டும்தான். திரும்பி வரும்போது சும்மா.

அந்தப் பாலத்தைப் பற்றி இன்னொன்று. 1985-இல் அது தயாரானபோது அப்போதைய பிரதமர் மகாதீர் அதன் மேல் ஓட்டிப் போனது எதை? புரோட்டோன் சாகா. அதே வருடம் ஜூலையில் வெளிவந்த, நம் நாட்டின் முதல் காடி. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய கௌரவம் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. 660 சிசிதான். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து, மோட்டாரில் நாலு பேர் போய்க்கொண்டிருந்த எத்தனையோ நம் குடும்பங்களுக்கு அதுதான் முதல் காடி. அப்போதெல்லாம் உள்ளூர்க் காடி வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தடவிப் பார்ப்பார். இப்போது அதே உள்ளூர்க் காடியைப் புதுசாக எடுத்து நிறுத்தினால் "பரவாயில்லை, முதலில் இது போதும்" என்கிறார்கள். என்னவோ நான் நோயிலிருந்து எழுந்து கஞ்சி குடிக்கிற மாதிரி.

எங்கள் வீட்டில் இதற்கு முன்னால் புது வண்டி வந்ததே இல்லை. அப்பா வைத்திருந்தது மூன்றாம் கை. நாங்கள் எடுக்கும்போதே மீட்டர் லட்சத்தைத் தாண்டியிருந்தது. யாரையாவது ஏற்றினால் கதவை எப்படித் தூக்கிச் சாத்த வேண்டும் என்று முதலில் பாடம் நடத்துவார். இந்தக் காடியில் யாருக்கும் எந்தப் பாடமும் நடத்த வேண்டியதில்லை. இதற்கு முன் யார் ஓட்டினார், எங்கே இடித்தார், எந்த வெள்ளத்தில் நின்றது என்ற கேள்வியே இல்லை. சேவை மையத்துப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் என் பெயர். அப்பா அதைக் கையில் வாங்கிப் படித்தார். முழுசாகப் படித்தார், டயர் காற்றழுத்தம் வரை.

பூசைக்குச் செபராங் ஜெயா கருமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு டொயோட்டா வெல்ஃபயர், வேன் அளவுக்குப் பெரிய ஆடம்பரக் காடி, கறுப்பு, புத்தம் புதுசு. அதற்குப் பக்கத்தில் என் பெஸ்ஸா, குழந்தை மாதிரி. குருக்கள் வந்தார், அதற்கும் நாலு எலுமிச்சம்பழம், இதற்கும் நாலு எலுமிச்சம்பழம். சந்தனமும் குங்குமமும் அதே அளவு. வெல்ஃபயர்க்கார அண்ணன் என்னைப் பார்த்து "என்ன மா, எண்ணெய் ரொம்பக் குடிக்குதா?" என்று கேட்டார், பாவம், அவருக்கு அதுதான் கவலை போலிருக்கிறது.

ஓட்ட எப்படி? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நான் கார் விமர்சகர் இல்லை. மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன், நாலு கியர். பெரோடுவாவின் புது மைவியில் இருப்பது மாதிரி, கியர் மாறுவதே தெரியாத சிவிடி இல்லை. பாலிக் புலாவ் மலைப்பாதையில் அஞ்சு பேரோடு ஏறினால் கொஞ்சம் நிதானமாகத்தான் ஏறும். ஒரு லிட்டர் என்ஜினிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான் தினமும் போகிற பாலத்தில் வேக வரம்பே 80. இருநூறு குதிரை வைத்திருப்பவரும் அங்கே என் பின்னால்தான் வர வேண்டும்.

பின்பெட்டி 508 லிட்டர். அம்மா தன் முறையில் சோதித்தார்: பெரிய மூட்டை அரிசி, கேஸ் தோம்பு, தீபாவளிக்கு முறுக்கு சுடுகிற பெரிய வாணலி, எல்லாம் வைத்த பிறகும் இடம் இருந்தது. முன்சீட்டுப் பக்கத்தில் கைப்பை மாட்டக் கொக்கி இருக்கிறது, சிக்னலில் நிற்கும்போது யாரும் பையைப் பறிக்காமல் இருக்க. மோட்டாரில் போய்ப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் அதன் அருமை தெரியும்.

அடுத்து கண்ணாடிக்கு டின்ட், அதாவது கறுப்புத் தாள், ஒட்ட வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே விதிப்படி முன் கண்ணாடியில் 70 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும், முன் பக்கக் கண்ணாடிகளில் 50, பின்னால் எவ்வளவு கறுப்பாக வேண்டுமானாலும் ஒட்டலாம். பின்னால் நல்ல கறுப்பாக ஒட்டப்போகிறேன், ஆன்ட்டிகள் ஏறாமல் இருக்க. பினாங்கில் நியாயமான விலைக்கு ஒட்டுகிற கடை தெரிந்தால் சொல்லுங்கள்.

இருக்கையில் இருக்கும் பிளாஸ்டிக் உறையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அம்மாவைக் கேளுங்கள். தீபாவளி வரை கை வைக்கக் கூடாதாம்.

இதோ, அவரே கூப்பிடுகிறார். பாசாருக்குப் போக வேண்டுமாம். பாசார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, இத்தனை வருடமாக நடந்துதான் போனார். இப்போது காடியில்தான் போவாராம், அதுவும் முன்வாசல் பக்கமாக நிறுத்த வேண்டுமாம். வருகிறேன்.